பள்ளி என்னும் ஒரு சொல்

தவக்காலத்திற்கு முந்திய வாரங்களில் நம் பங்குகளில் திருமணங்கள் மிகுந்திருக்கும் என்பதை வாசகர் அறிவர். அத்தகைய வாரமொன்றில், முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று மாலை, இரு வீட்டாரும் அச்சகத்திலிருந்து வந்த அழைப்பிதழின் மாதிரிப் படியைக் கையில் ஏந்தி நம் இல்லத்திற்கு வந்தனர். மணமகள் நம் தக்கலைப் பங்கைச் சார்ந்தவள். மணமகன் குழித்துறைக்கு மேற்கே, விளவங்கோடு வட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சார்ந்தவர். சீர் பற்றியோ விருந்து பற்றியோ பிணக்கு நேர்ந்திருக்கும் என்றே முதலில் எண்ணினோம். அதுவன்று. அழைப்பிதழில் மணமகன் வீட்டார் எழுதித் தந்திருந்த ஒரு வரியே சிக்கலாயிற்று. திருமணம் இன்ன நாளில், இன்ன "பள்ளியில் வைத்து" நடைபெறும் என்று அதில் கண்டிருந்தது.

மணமகளின் பாட்டனார் எண்பது வயதைக் கடந்தவர். படியை நம் மேசைமீது வைத்து, அச்சொல்லின்மேல் விரலை ஊன்றினார்.

"சாமி, பள்ளின்னு போடப்பிடாது. அது மலையாளச் சொல்லு. நம்ம பிள்ளைக்கு கல்யாணம் கோயில்லதான் நடக்கணும்" என்றார்.

மணமகனின் தந்தைக்கு முகம் வாடிற்று. "எங்க வீட்டுல எங்க அம்மையும், அம்மைக்க அம்மையும் பள்ளிக்குப் போறோம்னுதான் சொல்லுவாவ. நாங்களும் தமிழருதானே சாமி?" என்றார்.

இருவரும் தீர்ப்புக்காக நம்மை நோக்கினர். அன்று நாம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "மூன்றாம் ஓலை வாசிப்பதற்குள் சொல்கிறோம், அதுவரை அச்சேற்ற வேண்டாம்" என்று கூறி இருவரையும் தேநீர் அருந்தச் செய்து அனுப்பினோம். அந்த இரண்டு வாரங்களில் இச்சொல்லைப்பற்றி நாம் தேடிக் கண்டவற்றை அவர்களிடம் கூறினோம். அவை நம் இல்லங்கள் அனைத்திற்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

ஒரு சொல்லும் ஒரு வடுவும்

பெரியவரின் சினத்தைச் சிறுமை என்று எண்ணிவிடலாகாது. அதற்குப் பின்னே வரலாறு உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் வரை நம் தக்கலை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்துடன் இணைய வேண்டுமென்று மார்ஷல் நேசமணி போன்றோர் தலைமையில் மக்கள் போராடினர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நம் பெரியவர் அப்போது பள்ளிச் சிறுவர். ஊர்வலத்திற்குச் சென்ற தம் தமையன் தலையில் கட்டுடன் வீடு திரும்பியதை இன்றும் கண் கலங்கச் சொல்வார். தமிழுக்காக அடிபட்ட குடும்பத்தின் அழைப்பிதழில் அயல்மொழிச் சொல் வரலாகாது என்பதே அவர் வாதம்.

மணமகன் வீட்டார் பக்கத்திலும் நியாயம் உண்டு. நம் மாவட்டத்தில் கிழக்கே செல்லச் செல்லக் கிறிஸ்தவ வழிபாட்டிடம் "கோயில்" ஆகிறது. மேற்கே செல்லச் செல்ல "பள்ளி" ஆகிறது. கோட்டாற்றில் சவேரியார் கோயில் என்போம். குழித்துறைக்கு அப்பால் அதே பொருளில் பள்ளி என்பர். இடையில் இருக்கும் தக்கலையிலோ இரண்டும் ஒரே தெருவில் ஒலிக்கும். இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரை ஆகிய மூன்று வழிபாட்டு முறைகளைச் சார்ந்த கத்தோலிக்கரும் அண்டை அயலாக வாழும் ஊர் இது. சீரோ மலபார் திருச்சபைக்குரிய தக்கலை மறைமாவட்டம் 1996இல் உருவானதையும் வாசகர் அறிவர்.

அப்படியானால் "பள்ளி" யாருடைய சொல்? இதற்கு விடை காண, இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கல்லில் வெட்டிய படுக்கை

மதுரைக்கு அருகே மாங்குளம் என்னும் ஊரின் மலைக்குகைகளில், பாறையையே படுக்கைகளாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்ந்து, தலையணை போல் அமைந்திருக்கும். சமணத் துறவியர் மழைக்காலத்தில் தங்குவதற்காக அமைக்கப்பட்டவை அவை. அக்குகைகளின் முகப்பில், தமிழ் பிராமி எனப்படும் தொன்மையான எழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பவன், நந்தன் என்ற துறவிக்காக அந்த உறைவிடத்தைக் கொத்துவித்தான் என்று அவற்றுள் ஒன்று கூறுகிறது. அறிஞர் ஐராவதம் மகாதேவன் முதலியோர் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். நம் ஆண்டவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 2 நூற்றாண்டுகளுக்கு முந்தியவை இவை என்பது ஆய்வாளர் கணிப்பு.

அந்தக் குகைக்கு, அந்தக் கல்வெட்டு தரும் பெயர் "பளி". புள்ளியும் இரட்டிப்பும் ஒழுங்குபடாத அக்கால எழுத்துமுறையில் எழுதப்பட்ட நம் "பள்ளி"தான் அது. தமிழில் எழுதப்பட்டு இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வரிகளிலேயே இச்சொல் இருக்கிறது. மலையாளம் தனிமொழியாகக் கிளைப்பதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் இதனைப் பாறையில் வெட்டியிருக்கின்றனர்.

இதைக் காண மதுரை வரை செல்ல இயலாதவர் மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் வரை சென்றாலும் போதும். ஏழு கிலோமீட்டர் அளவே தொலைவு. அங்குள்ள குன்றிற்குத் திருச்சாரணத்துமலை என்று பெயர். பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், ஒரு பெண் துறவி அங்குள்ள திருவுருவத்திற்குப் பொன்னணி அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. பின்னர் அவ்விடம் பகவதி கோயிலாயிற்று. நம் ஊரின் மலையிலும் துறவியர் தங்கிய பள்ளி ஒன்று இருந்தது என்பதற்கு அப்பாறையே சாட்சி.

துயிலும் இடம்

பள்ளி என்றால் படுக்கை, படுத்துறங்கும் இடம், உறக்கம். திருக்குறளின் 840ஆம் குறளில் இச்சொல் படுக்கை என்ற பொருளிலேயே வருகிறது. கழுவாத காலைப் படுக்கையில் வைப்பதுபோல, அறிஞர் அவையில் பேதை நுழைகிறான் என்பது அங்குள்ள உவமையின் கருத்து. பாம்பணைமேல் துயிலும் திருமாலைப் பள்ளிகொண்டார் என்கின்றனர். வைகறையில் இறைவனைத் துயிலெழுப்பும் பாடல் திருப்பள்ளியெழுச்சி. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலுக்கும், மாணிக்கவாசகர் சிவனுக்கும் அதனைப் பாடினர்.

இறைவனுக்குரிய சொல் அரசனுக்கும் வந்தது. நம் வீட்டு வாசலிலேயே அதற்குச் சான்று உண்டு. தக்கலையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய பத்மநாபபுரம் அரண்மனையில், அரசர் உறங்கிய அறைக்குப் பள்ளியறை என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கியது அந்நகர். அங்கு 1750இல் மார்த்தாண்டவர்மர் எழுப்பிய நான்கடுக்கு மாளிகையின் உச்சித் தளம் மன்னருக்கு உரியதன்று. பத்மநாப சுவாமிக்கு உரியது. அரசை அந்தச் சுவாமிக்கே ஒப்படைத்து, தாம் அவருடைய ஊழியராய் ஆள்வதாக அவர் அறிவித்த ஆண்டும் அதுவே. மலையாளத்தில் அரசரின் உறக்கம் "பள்ளியுறக்கம்". திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் திருவிழாவில், ஆராட்டுக்கு முன் நிகழும் வேட்டைச் சடங்கு "பள்ளிவேட்டை". இவற்றிலெல்லாம் பள்ளி என்பது "திரு" என்பதைப் போன்ற ஒரு மரியாதை அடைமொழியாகவே ஆகிவிட்டது.

அந்த அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. ஆயினும் அதனைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்பொருள் துறை. பள்ளியறையில் நின்று "இந்தச் சொல் தமிழா, மலையாளமா?" என்று கேட்பது, "இந்தக் கட்டிடம் தமிழ்நாடா, கேரளமா?" என்று கேட்பதைப் போன்றதே.

இறுதி உறக்கத்திற்கும் இச்சொல் உண்டு. சோழர் காலத்தில், மறைந்த அரசரையோ அரசியையோ அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயிலைப் பள்ளிப்படை என்றனர். காளத்திக்கு அருகே ஆதித்த சோழனுக்கு அவன் மகன் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படையும், பட்டீச்சரத்துப் பக்கம் பஞ்சவன்மாதேவிக்கு இராசேந்திரன் எழுப்பிய பள்ளிப்படையும் வரலாற்றில் புகழ்பெற்றவை.

ஊராய் விரிந்தது

ஒருவர் படுக்கும் இடம் பள்ளி என்றால், பலர் குடியிருக்கும் இடமும் பள்ளிதானே? ஆதலின் சிற்றூருக்கும் அதுவே பெயராயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், சிற்றூர், இடைச்சேரி, முனிவர் வாழிடம், சமண பௌத்தக் கோயில், அரண்மனை, படுக்கை, உறக்கம், கல்விக்கூடம் என்று இச்சொல்லுக்கு வரிசையாகப் பொருள்கள் காணப்படுகின்றன.

தெலுங்கில் "பல்லெ" என்றால் நாட்டுப்புறச் சிற்றூர். மதனபல்லெ என்ற ஊர்ப் பெயரில் அதைக் காணலாம். கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாய் மாறிற்று. நம் பால் அங்கே "ஹாலு"; நம் பத்து அங்கே "ஹத்து"; நம் பல் அங்கே "ஹல்லு". அவ்வாறே நம் பள்ளி அங்கே "ஹள்ளி". நம் பங்கிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்ற இளைஞர் பலர் மாரத்தஹள்ளியில் குடியிருக்கின்றனர். விமானம் ஏறுவதற்கு தேவனஹள்ளிக்குச் செல்கின்றனர். தாம் ஒவ்வொரு நாளும் உச்சரிப்பது பாட்டி வீட்டுச் சொல்லே என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? வடமொழியிலும் "பல்லி" என்பது சிற்றூரைக் குறிக்கும். அது திராவிட மொழிகளிலிருந்து அங்கே சென்றது என்பது மொழிநூலார் பலர் முடிபு.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி, திருக்காட்டுப்பள்ளி. கேரளத்தில் காஞ்ஞிரப்பள்ளி, கருநாகப்பள்ளி. நம் இரணியலுக்கும் குழித்துறைக்கும் இடையே இரயில் நிற்கும் நிலையத்தின் பெயர் பள்ளியாடி. எல்லைக் கோடு வரைந்தவர்களால் இந்தச் சொல்லை இரண்டாக வெட்ட இயலவில்லை.

கடல் கடந்து வந்தோர்க்கு அளித்த இடம்

இனி நம் இரு சம்பந்திகளின் வழக்கிற்கு நேரே வருவோம். துறவியர் குகைக்கும் அரசர் படுக்கைக்கும் உரிய சொல், கிறிஸ்தவர் வழிபாட்டிடத்திற்கு எப்போது வந்தது?

இதற்கு ஆண்டுடன் கூடிய சான்று உண்டு. கி.பி. 849இல், சேர மன்னன் தாணுரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்திலிருந்த கிறிஸ்தவக் கோயிலொன்றுக்கு நிலமும் உரிமைகளும் அளித்துச் செப்பேடு வெட்டிக் கொடுத்தார். அக்கோயிலை நிறுவியவர் மேற்கே பாரசீகத் திசையிலிருந்து கடல் வழியாக வந்த சபீர் ஈசோ என்பவர். அதன் பெயர் செப்பேட்டில் "தரிசாப்பள்ளி" என்று காணப்படுகிறது. பாரசீக மொழியில் கிறிஸ்தவரைக் குறிக்கும் "தர்ஸா" என்ற சொல்லோடு முதற்பகுதியை அறிஞர் பலர் இணைப்பர். இரண்டாம் பகுதி நம்முடையது. வெளியிலிருந்து வந்த நம்பிக்கைக்கு இந்த மண் இட்ட பெயர் அது.

செப்பேட்டின் மொழி அக்காலச் சேரநாட்டுத் தமிழ், எழுத்து வட்டெழுத்து. ஆனால் சாட்சிக் கையொப்பங்களோ மூன்று அயல் எழுத்துகளில் உள்ளன. அரபியின் கூஃபி எழுத்து ஒன்று, பாரசீகத்தின் பகலவி எழுத்து ஒன்று, எபிரேய எழுத்து ஒன்று. கிறிஸ்தவப் பள்ளிக்கு இந்து மன்னர் நிலம் தருகிறார். அதற்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சியிடுகின்றனர்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், இதனினும் அழகியதோர் அழைப்பிதழை நாம் அச்சிட்டதாகத் தெரியவில்லை.

இது ஏதோ ஓரிடத்தில் நேர்ந்த தற்செயல் அன்று. நாகப்பட்டினத்தில் கடல் கடந்து வந்த ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு, 1006ஆம் ஆண்டளவில், சைவராகிய முதலாம் இராசராசர் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்தார். அவ்விகாரத்திற்கு இராசராசப் பெரும்பள்ளி என்றும் பெயருண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடத்தை மலையாளிகள் "ஜூதப்பள்ளி" என்றே அழைத்தனர். இஸ்லாமியரின் தொழுகை இடம் தமிழில் பள்ளிவாசல். மலையாளத்திலும் துளுவிலும் பள்ளி. கடலுக்கு அப்பால் இலங்கையில், சிங்கள மக்கள் கிறிஸ்தவக் கோயிலையும் பள்ளிவாசலையும் "பல்லிய" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். நம்மிடமிருந்து சென்ற சொல்லே அதுவும்.

நம் தக்கலையில், ஞானப்புகழ்ச்சி பாடிய பீர் முகமது அப்பா அடங்கியிருக்கும் தர்காவுக்கு ஆண்டுதோறும் மக்கள் திரளாக வருவதைக் காண்கிறோம். அந்த மெய்ஞ்ஞானி பாடியது தமிழில்தான். அவர் வழிவந்தோர் தொழும் இடமும் பள்ளி. விளவங்கோட்டுக் கிறிஸ்தவர் செபிக்கும் இடமும் பள்ளி. சிதறால் மலையில் துறவியர் நோற்ற இடமும் பள்ளி.

கவனித்தீர்களா? சமணர், பௌத்தர், யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து இங்கே தங்க இடம் கேட்ட ஒவ்வொருவருக்கும் இந்நாட்டார் ஒரே சொல்லையே கொடுத்தனர். வழிநடந்து களைத்தவனுக்குத் திண்ணையில் பாய் விரிப்பது போன்ற சொல் அது. "நீ யார்?" என்று கேட்பதற்கு முன், "படுத்து இளைப்பாறு" என்று கூறிய சொல்.

அன்னமும் அறிவும்

துறவியர் தங்கிய இடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துக் கற்றனர் என்றும், அதனாலேயே கல்விக்கூடத்திற்குப் பள்ளிக்கூடம் என்ற பெயர் அமைந்தது என்றும் அறிஞர் விளக்குவர். நம் மறைப்பணியாளர் பின்னாளில் கோயிலை அடுத்துப் பள்ளிக்கூடம் எழுப்பியது புதுமையன்று. பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே.

குருமடத்தில் இலத்தீனும் கிரேக்கமும் சிறிதளவு பயின்ற நமக்கு இங்கே ஒரு வியப்பு. இன்று உலகெங்கும் வழங்கும் "ஸ்கூல்" என்ற சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் "ஸ்கோலே" என்பதாகும். அதன் முதற்பொருள் ஓய்வு என்பதே. வயிற்றுப்பாட்டுக்கு ஓடுவதிலிருந்து விடுபட்ட நேரத்தில்தான் அறிவைத் தேட இயலும் என்று கிரேக்கர் கருதினர். ஓய்வுக்குரிய சொல் அங்கே கல்விக்காயிற்று. துயிலுக்குரிய சொல் இங்கே கல்விக்காயிற்று. ஒருவரையொருவர் கேளாமலே இரு இனத்தார் ஒரே இடத்தை வந்தடைந்துள்ளனர். பிள்ளைகளைக் காலை ஐந்து மணிக்கே எழுப்பித் தனிவகுப்புக்கு விரட்டும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

அன்னத்திற்கும் இச்சொல் உண்டு. கோயிலிலும் அரண்மனையிலும் உணவு சமைக்கும் இடம் மடைப்பள்ளி. கேரளக் கோயில்களில் அதனைத் திடப்பள்ளி என்பர். ஆக, மனிதன் உறங்கவும், உண்ணவும், கற்கவும், வணங்கவும், இறுதியில் கண்ணயரவும் தேவைப்படும் இடங்கள் அனைத்திற்கும் ஒரே சொல் போதுமானதாயிற்று.

கோயிலும் பள்ளியும்

இனி, பெரியவர் போற்றும் "கோயில்" என்ற சொல்லைப் பார்ப்போம். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. அரசனின் வீடே கோயில். நம் திருச்சபை வழங்கும் "பசிலிக்கா" என்ற சொல்லும் கிரேக்கத்தில் அரசனுக்குரிய மண்டபம் என்றே பொருள்படும். ஆங்கிலேயரின் "சர்ச்" என்பதும் ஆண்டவருக்குரியது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. இவை மூன்றும், வீடு யாருடையது என்று சொல்கின்றன.

"பள்ளி" சொல்வது வேறு. அந்த வீட்டில் யார் இளைப்பாறலாம் என்று அது சொல்கிறது.

தொடக்கநூலில் யாக்கோபின் கதையை நாம் அறிவோம். தமையனின் சினத்திற்கு அஞ்சி ஓடிய அவர், பொழுது சாய்ந்ததும் வெட்டவெளியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தார். கனவில் விண்ணேணியைக் கண்டார். விழித்ததும், தலைக்கு வைத்த கல்லையே தூணாக நாட்டி எண்ணெய் வார்த்தார். அவ்விடத்திற்குப் பெத்தேல் என்று பெயரிட்டார். இறைவனின் இல்லம் என்பது அதன் பொருள். அகதி ஒருவர் கல்லில் தலைசாய்த்துப் படுத்த இடம் இறைவனின் வீடாயிற்று. மாங்குளத்துக் கல்தலையணையைக் கண்டபோது நம் உள்ளத்தில் எழுந்தது இந்நிகழ்ச்சியே. அந்த இரவு அது பள்ளி, விடிந்ததும் கோயில்.

முதற் கிறிஸ்தவர்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்த இடத்தைக் கிரேக்கத்தில் "கொய்மெத்தேரியோன்" என்றனர். இன்று ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் சொல் அதிலிருந்தே வந்தது. அதன் நேர்ப்பொருள் உறங்கும் இடம் என்பதாகும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், பள்ளி! இறந்தோர் மாயவில்லை, துயில்கின்றனர், எழுவர் என்ற நம்பிக்கையாலேயே அப்பெயரை நம் முன்னோர் உகந்து வழங்கினர்.

பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றார்; 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மறைசாட்சியானார். 2022 மே 15இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அரசரின் பள்ளியறை இன்று வெறுமையாய், காட்சிப் பொருளாய் இருக்கிறது. அவருடைய ஊழியர் துயிலும் கோட்டாற்றுக் கோயிலிலோ ஒவ்வொரு நாளும் மக்கள் முழந்தாளிடுகின்றனர்.

அழைப்பிதழ் அச்சேறியது

இவற்றையெல்லாம் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று இரு வீட்டாரையும் அமர்த்தி எடுத்துரைத்தோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு அவரே தொடங்கினார்.

"சாமி, அந்தக் காலத்துல தமிழ் படிக்க பள்ளிக்கூடம் வேணும்னுதான் எங்க அண்ணன் ஊர்வலத்துக்குப் போனான். எழுபது வருசமா நானே அந்தச் சொல்லைச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். அப்பம் அதுக்குள்ள பள்ளி இருக்குன்னு தோணல்ல."

மணமகனின் தந்தை எழுந்து பெரியவரின் கையைப் பற்றிக்கொண்டு, "இல்லை மாமா, கோயில்னே போட்டிரலாம்" என்றார். இவர் பள்ளி என்றே இருக்கட்டும் என்று வற்புறுத்தவும், அவர் கோயில் என்றே இருக்கட்டும் என்று வற்புறுத்தவும், புதிய பிணக்கு ஒன்று தொடங்கிவிடுமோ என்று நாம் அஞ்சினோம். முடிவில் ஓர் ஏற்பாடு செய்தனர். திருமணம் கோயிலில் நடைபெறும் என்று மணமகள் வீட்டார் அழைப்பிதழிலும், பள்ளியில் வைத்து நடைபெறும் என்று மணமகன் வீட்டார் அழைப்பிதழிலும் அச்சாயிற்று. வந்தோர் எவரும் வழி தவறவில்லை. எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தனர்.

சொல் ஒன்றுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நம் மாவட்டத்தில் மொழியின் பெயரால் 1954இல் குருதி சிந்தியது. மதத்தின் பெயரால் 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தில் மீண்டும் சிந்தியது. இவ்விரு காயங்களின் தழும்பும் இன்னும் பல வீடுகளில் உண்டு. "இது எங்களுடையது, அது உங்களுடையது" என்று பிரிக்கும் பேச்சு முதலில் சொற்களிலேயே தொடங்குகிறது. ஆகவே மருந்தையும் சொற்களிலேயே தொடங்குவது நன்று.

இல்லத்தலைவர்களே, தாய்மார்களே, நாளைக் காலை உங்கள் பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "பள்ளிக்கூடம் போய்ட்டு வாறேன்" என்று கூறும்போது அந்தச் சொல்லைச் சற்றே செவிமடுங்கள். அதில் சமணத் துறவியின் கற்படுக்கை இருக்கிறது. கொல்லத்துச் செப்பேடு இருக்கிறது. அடுத்த தெருப் பள்ளிவாசலின் பாங்கொலியும் இருக்கிறது. அதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். நாம் செல்லும் இடத்தைக் கோயில் என்று அழைப்போம். அங்கே ஆண்டவர் அரசராய் இருக்கட்டும். பள்ளி என்றும் அழைப்போம். களைத்து வருகிற எவருக்கும் அங்கே தலைசாய்க்க இடம் இருக்கட்டும்.